கருவி அறையின் இரண்டு கையொப்பங்கள்

நீராவி அக்கா. பிறப்பு 1951 மே 7. மறைவு 2017 பிப்ரவரி 19. அறுநூறு படுக்கைகள் கொண்ட பொது மருத்துவமனை ஒன்றின் கருவி அறையில் 1973 முதல் 2009 வரை முப்பத்தாறு ஆண்டுகள் பணியாற்றினார். கருவி கழுவுபவராகச் சேர்ந்து, பதினோராம் ஆண்டில் அந்த அறையின் பொறுப்பாளர் ஆனார்; ஓய்வு பெறும்வரை அப்பொறுப்பிலேயே இருந்தார்.

அவரைவிட இருபது வயது மூத்த மருத்துவர்களும் அவரை அக்கா என்றே அழைத்தார்கள். எடைமேடையில் எழுத்தராக இருந்த அவருடைய கணவர்கூட, மருத்துவமனைக்குத் தொலைபேசியில் அழைத்தால், "நீராவி அக்கா இருக்காங்களா?" என்றுதான் கேட்பார். வேறு எப்படிக் கேட்டாலும் இணைப்பகத்தில் இருப்பவருக்கு விளங்காது.

மருத்துவமனைக் கண்காணிப்பாளரின் ஆணைகளைத் தட்டச்சு செய்யும் பணியில் நான் இருந்ததால், இங்கே சொல்லப்படுவனவற்றுள் சிலவற்றை நேரில் கண்டிருக்கிறேன். எஞ்சியவற்றைப் பதிவேடுகளிலிருந்தும் அக்காவின் கணவரிடமிருந்தும் அறிந்தேன்.

கருவி அறை நிலத்தடியில் இருந்தது. இருபத்திரண்டு படிகள் இறங்க வேண்டும். சன்னல் கிடையாது. அறுவை அரங்குகளில் பயன்பட்ட கத்தி, கத்தரி, இடுக்கி அனைத்தும் அங்கே வந்துசேரும். முதல் பகுதியில் கழுவுவார்கள். இரண்டாம் பகுதியில் தட்டுகளில் அடுக்கித் துணியில் பொதிவார்கள். மூன்றாம் பகுதியில் இருந்த இரும்புக் கலனுக்குள் வைத்து, அழுத்தம் மிகுந்த நீராவியில் கிருமிகளைக் கொல்வார்கள். ஒவ்வொரு முறையும், கலனின் மூலைகளில் வைக்கும் சோதனைப் பொதிகள் ஒவ்வொன்றினுள்ளும் விரல் நீளக் காகிதப் பட்டை ஒன்று இருக்கும். வைக்கும்போது அது ஊதா நிறம். நீராவி போதிய வெப்பத்தில் போதிய நேரம் உள்ளே புகுந்திருந்தால் முழுவதும் பச்சையாக மாறிவிடும். பச்சை என்றால் அந்தச் சுற்றில் வெந்த தட்டுகள் அரங்குக்குப் போகலாம், இல்லையென்றால் போகக்கூடாது.

அறையில் ஐவர். அக்கா, கழுவும் பெண்கள் இருவர், முன்பு தையற்கடை நடத்தியவரான பொதி கட்டுபவர், கருவி வண்டியைத் தள்ளும் 'எக்ஸ்பிரஸ்'. நிதானமாகவே நடப்பார் என்பதால் எக்ஸ்பிரசுக்கு அந்தப் பெயர். கழுவும் பெண்களில் ஒருவர் அண்ணி, மற்றவர் நாத்தனார். கருவிகளைப் பற்றியன்றி வேறு எதையும் அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டதில்லை.

1984 வரை தட்டுகளை அனுப்பும் முடிவு மேலே இருந்தது. அறுவை மருத்துவர் 'அனுப்பு' என்று தொலைபேசியில் சொல்வார். கீழே இருப்பவர்கள் அனுப்புவார்கள். பட்டையைப் பார்ப்பவருக்குச் சொல்லும் உரிமை உண்டு, நிறுத்தும் உரிமை இல்லை. அக்கா பொறுப்பேற்ற ஆறாம் வாரத்தில் ஒரு சுற்றின் பட்டை பாதி பச்சையும் பாதி ஊதாவுமாக வந்தது. கலனில் அளவுக்கு மீறி அடைத்திருந்தார்கள். மேலே நோயாளியை மேசையில் கிடத்தியாயிற்று. "உங்க வேலையை மட்டும் பாருங்க, அனுப்புங்க," என்று தலைமை அறுவை மருத்துவர் தொலைபேசியில் கத்தினார். அக்கா வண்டி வாசலைப் பூட்டி, சாவியை மேலங்கியின் பையில் போட்டுக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

கால் மணி நேரத்தில் கண்காணிப்பாளரே இறங்கி வந்தார். புதிதாக வந்தவர், நெடிய உருவம், நீராவிக் குழாயில் தலையை இடித்துக்கொண்டார். நெற்றியைத் தடவியபடியே கேட்டார்:

"யாரு நிறுத்தினது?"

"நான்தாங்க."

"நிறுத்தலாம்னு யாரு சொன்னது?"

"யாரும் சொல்லலீங்க. நிறுத்தக்கூடாதுன்னுதான் எல்லாரும் சொல்றாங்க."

அவர் பட்டையை வாங்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு, "நான் மாடியில உக்காந்திருக்கேன். பட்டையப் பாக்குறது நீங்க. பாக்காதவன் எப்படிம்மா சரின்னு சொல்றது?" என்றார்.

மறுநாள் அவர் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்த ஆணை நான்கே வரி. கருவித் தட்டுகளை வெளியே அனுப்பும் முடிவு கருவி அறைப் பொறுப்பாளருடையது. அவர் மறுத்ததை மாற்றும் அதிகாரம் எந்த மருத்துவருக்கும் இல்லை, கண்காணிப்பாளருக்கும் இல்லை. இறுதிச் சொற்றொடரைத் தட்டும்போது கை நின்றுவிட்டது. "ஐயா, உங்களுக்குமா?" என்று கேட்டேன். "அதுதான்யா முக்கியமான வரி. அடி," என்றார்.

அன்றுமுதல் ஏழு ஆண்டுகள் அக்காவின் கையொப்பம் இல்லாமல் ஓர் ஊசிகூட மேலே போகவில்லை. அறுவைக்குப் பின் புண் சீழ்பிடித்தவர்களின் எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. வீட்டிலும் இதன் எதிரொலி இருந்தது. "ஆஸ்பத்திரியில உன்னைக் கேக்காம ஒரு கத்தரி நகராதாம். வீட்டுல என்னைக் கேட்டு ஏதாவது நகருதா?" என்பார் கணவர். "உங்களைக் கேட்டா எதுவுமே நகராது," என்று விடை வரும். மகள், இருவருக்கும் நடுவில் அமர்ந்து பாடம் எழுதிக்கொண்டிருப்பாள்.

அக்கா சில விதிகளைத் தாமே வகுத்தார். அவற்றுள் தலையாயது: சோதனைப் பட்டை அறையை விட்டு வெளியே போகக்கூடாது. வெளியே போனால் யாராவது மாற்றிவிடலாம் என்ற ஐயம். முன்பு ஒருமுறை அப்படி நடந்தும் இருந்தது. இன்னொரு விதி எழுதப்படாதது: பட்டையைப் பார்ப்பவர் அக்கா ஒருவரே. மற்ற நால்வர் கழுவலாம், கட்டலாம், தள்ளலாம். நிறத்தைப் பற்றி வாய் திறக்கக்கூடாது.

1991 செப்டம்பர் 9, திங்கட்கிழமை. காலை முதல் சுற்றுக் கலன் திறந்தபோது பட்டைகள் பச்சையாக இல்லை. சேற்று நிறமாக இருந்தன. அக்கா நிறுத்தினார். இரண்டாம் சுற்றும் அப்படியே. மூன்றாம் சுற்றில் தட்டுகளைப் பாதியாகக் குறைத்து, நேரத்தைக் கூட்டி வைத்துப் பார்த்தார். அதே சேறு. அன்று குறித்திருந்த பதினொரு அறுவைகளும் நின்றுபோயின. உயிருக்கு ஆபத்தான இரண்டு மட்டும் அடுத்த மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டன. அவை நல்லபடியாக முடிந்தன. எஞ்சிய ஒன்பது பேர், விடியற்காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் காத்திருந்து, மாலையில் படுக்கைக்குத் திரும்பினார்கள். அவர்களுள் தச்சர் ஒருவரின் மனைவிக்குப் பித்தப்பையில் கல். அவருக்கு இப்படித் தள்ளிப்போனது இரண்டாம் முறை.

செவ்வாய்க்கிழமை காலை எந்திரப் பொறியாளர் வந்து கலனைப் பிரித்துப் பார்த்தார். அழுத்தம் சரி. வெப்பம் சரி. அவற்றைக் கலன் தானாக வரையும் வட்டத்தாளில் கோடு ஒரு மயிரிழைகூட விலகவில்லை. அவர் தலையைச் சொறிந்துகொண்டு, அக்காவின் கண்ணில் படாமல் பட்டைகளில் ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மேலே போனார். பத்து நிமிடத்தில் தொலைபேசி மணி அடித்தது.

"அக்கா, பட்டை நல்லாப் பச்சையா இருக்கே!"

"எந்தப் பட்டை?"

"உங்க பட்டைதான். எடுத்துட்டு வந்துட்டேன், கோவிச்சுக்காதீங்க."

"மாத்திட்டீங்களா?"

"நான் எங்கக்கா போய் மாத்துறது? என் மேசையில சன்னல்கிட்ட வச்சிருக்கேன். வந்து பாருங்க."

அக்கா இன்னொரு பட்டையைக் கையில் மூடிக்கொண்டு இருபத்திரண்டு படிகளையும் ஏறினார். மேல்படியில் வெயில் விழுந்த இடத்தில் கையைத் திறந்தார். தளிர்ப் பச்சை. ஒரு குறையும் இல்லாத பச்சை.

காரணம் எளியது. கருவி அறையின் குழல்விளக்குகள் பழுதாகிவந்ததால், ஞாயிற்றுக்கிழமை மின்பணியாளர் தோட்டத்து விளக்குகளுக்காக வாங்கி வைத்திருந்த மஞ்சள் விளக்குகளைப் பொருத்திவிட்டுப் போயிருந்தார். அந்த வெளிச்சத்தில் ஊதாவும் சேறு, பச்சையும் சேறு. சன்னலில்லாத அறைக்குள் சில நிமிடம் இருந்தால் கண் அந்த மஞ்சளுக்குப் பழகிவிடுகிறது; பிறகு எல்லாம் இயல்பாகவே தோன்றுகிறது. பட்டையை வெளியே கொண்டுபோய்ப் பார்த்திருந்தால் ஒரு நொடியில் விளங்கியிருக்கும். கொண்டுபோகக்கூடாது என்பது அக்காவின் விதி.

கீழே வந்து அவர் இதைச் சொன்னபோது, எக்ஸ்பிரஸ் வண்டியின் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டே, "எனக்கு நேத்தே தெரியும்கா," என்றார்.

"என்ன தெரியும்?"

"கதவைத் தொறந்து பிடிச்சுக்கிட்டு நின்னேன். மேசை மேல வெளிச்சம் விழுந்துச்சு. பட்டை பச்சையாத்தான் தெரிஞ்சுது. கதவை விட்டதும் பழையபடி ஆயிருச்சு."

"அப்புறம் ஏன்யா சொல்லலை?"

"போன வருசம் ஒருநாள் நிறம் சொன்னேன். 'வண்டியைப் பாரு, உனக்கு எதுக்கு நிறம்'னீங்க. வண்டியப் பாத்தேன்."

அண்ணியும் நாத்தனாரும் கழுவுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா முக்காலியில் உட்கார்ந்தார். ஏழு ஆண்டுகளுக்கு முன்பு தலைமை அறுவை மருத்துவர் தம்மிடம் சொன்னதையே தாம் வண்டி தள்ளுபவரிடம் சொல்லியிருப்பதாக அன்று மாலை கணவரிடம் சொன்னாராம். கணவர் அன்று கேலி எதுவும் செய்யவில்லை.

புதன்கிழமை அக்கா அந்த ஒன்பது பேரிடமும் மன்னிப்புக் கேட்க நோயாளர் பகுதிக்குப் போனார். யாரும் போகச் சொல்லவில்லை. ஏழு படுக்கைகளில் தலையாட்டலோடு முடிந்தது. ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தச்சரின் மனைவி மட்டும் எழுந்து உட்கார்ந்தார்.

"நீங்கதான் நிறுத்தினதா?"

"ஆமாம்மா. தப்பு என்னோடதுதான். சந்தேகமா இருந்துச்சு, நிறுத்திட்டேன்."

"ரெண்டு தடவை பட்டினி கிடந்திருக்கேன். அடுத்த தடவை கொஞ்சம் சீக்கிரமாச் சந்தேகப்படுங்க. சாப்பாட்டு நேரத்துக்கு முன்னாடியே சொல்லியிருந்தா நான் பாட்டுக்குச் சாப்பிட்டிருப்பேன்ல?"

இதற்குள் அறுவை மருத்துவர்கள் ஒன்பது பேர் கையெழுத்திட்ட மனு கண்காணிப்பாளரின் மேசைக்கு வந்துவிட்டது. 1984ஆம் ஆண்டு ஆணையை நீக்கி, தட்டுகளை அனுப்பும் அதிகாரத்தை மீண்டும் மருத்துவர்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது கோரிக்கை. வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் கூட்டம். குறிப்பெடுக்க நான் ஓர் ஓரத்தில் இருந்தேன். கருவி அறையின் ஐவரும் வந்திருந்தார்கள். எக்ஸ்பிரஸ் உட்கார மறுத்துக் கதவருகே நின்றார்.

தலைமை அறுவை மருத்துவர் தொடங்கினார். "பதினொரு பேரை மேசை வரைக்கும் வரவச்சுத் திருப்பி அனுப்பியிருக்கோம். ஒருத்தங்க ஒரு காகிதத்தைத் தப்பாப் பாத்ததுக்கு. இந்த அதிகாரம் படிச்சவங்க கையில இருக்கணும்."

அரங்குத் தலைமைச் செவிலி பேனாவை மூடினார். "படிச்சவங்க கையில இருந்தப்ப எத்தனை பேருக்குச் சீழ் பிடிச்சுதுன்னு என்கிட்ட பதிவேடு இருக்கு, டாக்டர். வாசிக்கவா?"

"வேண்டாம்."

"சரி, வாசிக்கலை."

கண்காணிப்பாளர் அக்காவைப் பார்த்தார். அக்கா எழுந்து நின்றார். ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தார்; அதைப் பிரிக்கவேயில்லை.

"டாக்டர் சொன்னது சரிதான். ஒருத்தர் பாத்ததால வந்த தப்பு. அந்த ஒருத்தர் நான். அதிகாரத்தை என்கிட்டேயிருந்து எடுத்துருங்க. ஆனா மேல கொண்டுபோகாதீங்க, கீழேயே குடுங்க. நாங்க அஞ்சு பேரு. அஞ்சு பேர்ல யார் வேண்டாம்னாலும் தட்டு நிக்கணும். போகணும்னா ரெண்டு பேர் சேர்ந்து பட்டைய மேல்படி வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பாக்கணும். ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும். ஒருத்தர் நிறுத்தினதை நான்கூட மாத்தக்கூடாது."

மருத்துவர் இரண்டு கைகளையும் விரித்தார். "ஒருத்தர் நிறுத்துறதையே தாங்க முடியலை. இனிமே அஞ்சு பேரா?"

"நிறுத்தினதாலதான் தப்புன்னு நினைக்கிறீங்க, டாக்டர். இன்னொருத்தர் பாக்காததாலதான் தப்பு. திங்கக்கிழமை எக்ஸ்பிரஸ் பாத்தாரு. பச்சைன்னு அவருக்குத் தெரிஞ்சுது. சொல்ற உரிமை அவருக்கு இருந்திருந்தா உங்க பதினொரு ஆபரேஷனும் நடந்திருக்கும்."

எல்லாரும் கதவுப் பக்கம் திரும்பினார்கள். எக்ஸ்பிரஸ் தம் வாழ்நாளில் முதன்முறையாக வேகமாக ஒன்று செய்தார்: காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

கண்காணிப்பாளர் மனுவை மூடி வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "விளக்கு மாத்துற கோப்புல ஒப்புதல் யாரோடது?" என்று கேட்டார். அந்த ஒப்புதலையும் தட்டச்சு செய்தவன் நானே. அறைப் பொறுப்பாளரைக் கேட்டதாக அதில் ஒரு வரியும் இல்லை. "உங்களுதுதாங்க, ஐயா," என்றேன்.

"ஆமா. என்னோடது. ஏழு வருசத்துக்கு முன்னாடி அதிகாரத்தைக் குடுத்துட்டு வந்தேன். அதுக்கப்புறம் ஒரு தடவைகூட அந்தப் படியில இறங்கலை. குடுக்கிறது வேற, கை கழுவுறது வேற. நான் ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சுட்டேன்."

அன்று மாலை நான் தட்டச்சு செய்த ஆணை பதின்மூன்று வரி. அனுப்ப இரண்டு கையொப்பங்கள். நிறுத்த ஒரு சொல். கருவி அறையில் ஓர் ஆணியை மாற்றுவதானாலும் அறையின் எழுத்து மூலமான இசைவு வேண்டும். ஒரு தட்டு நிறுத்தப்பட்டால் அரை மணி நேரத்துக்குள் நோயாளர் பகுதிக்குச் செய்தி போக வேண்டும். இது தச்சரின் மனைவியால் வந்த வரி. கண்காணிப்பாளர் மாதம் ஒருமுறை கீழே வந்து பட்டையைப் பார்க்க வேண்டும், ஆனால் கையொப்பமிடக்கூடாது. மருத்துவர்களின் மனு கோப்பில் வைக்கப்பட்டது. கூட்டம் முடிந்து வெளியேறும்போது தலைமை அறுவை மருத்துவர் அக்காவிடம், "அஞ்சு பேரும் ஒரே நாள்ல லீவு போட்டுறாதீங்க," என்று மட்டும் சொன்னார்.

தொடக்கத்தில் தட்டுகள் நின்றுகொண்டேயிருந்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை. அண்ணி கழுவிய கத்தரியில் நாத்தனார் குறை கண்டார்; நாத்தனார் கழுவிய இடுக்கியை அண்ணி உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தார். இரண்டாம் மாதம் அக்கா இருவரையும் உட்கார வைத்து, "குறை சொல்லுங்க, யார் செஞ்சதுன்னு பாக்காமச் சொல்லுங்க," என்றார். "பாக்காமலே தெரியுதேக்கா," என்றார் நாத்தனார். ஆனாலும் அந்த இருவர் கண்ணுக்குத் தப்பிய அழுக்கு அந்த அறையில் இருந்ததில்லை. ஓராண்டில் நிறுத்தங்கள் மாதத்திற்கு மூன்று, நான்கு என்று அடங்கின. தேவையில்லாமல் நிறுத்தியது அதன்பின் பதினெட்டு ஆண்டுகளில் ஆறே முறை. ஆறும் பதிவேட்டில் காரணத்தோடு எழுதப்பட்டுள்ளன. எதற்காகவும் யாரும் தண்டிக்கப்படவில்லை. பிற மருத்துவமனைகளிலிருந்து அந்தப் பதிவேட்டைப் பார்க்க வந்தவர்களுக்கு அக்கா முதலில் காட்டியது 1991 செப்டம்பர் 9ஆம் தேதியின் பக்கத்தைத்தான். மூன்று சுற்றுகளுக்கும் எதிரே அவருடைய கையொப்பம். கீழே அவருடைய கையெழுத்திலேயே: 'தவறு என்னுடையது. விளக்கைப் பார்க்கவில்லை. யாரையும் கேட்கவில்லை.'

எக்ஸ்பிரஸ் இரண்டாம் கையொப்பக்காரர் ஆனார். எழுதப் படிக்க மெதுவாகத்தான் வரும். கையொப்பமிட அரை நிமிடம் ஆகும். அவசரப்படுத்துபவர்களிடம், "பேர் கெட்டுப்போயிரும்யா, மெதுவாத்தான் போடணும்," என்பார்.

கண்காணிப்பாளர் ஓய்வு பெற்றபோது, நன்றியுரையில் தாம் கட்டிய புதிய கட்டடத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. "இந்த ஆஸ்பத்திரியில என் பேச்சு செல்லாத ஒரு அறை இருக்கு. அதை அமைச்சது நான்," என்றார். அக்காவுக்கு அன்று முகம் மலர்ந்ததை நாங்கள் அனைவரும் பார்த்தோம்.

அக்கா ஓய்வு பெறும் நாள் ஞாயிற்றுக்கிழமையில் வந்ததால், அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமையே இறுதி வேலைநாள் ஆயிற்று. மூன்று மணிக்கு மேல்மாடியில் பிரிவுபசாரக் கூட்டம். கணவர், மகள், மருமகன் எல்லாரும் வந்து காத்திருந்தார்கள். இரண்டே முக்காலுக்கு நாள் முடிவுச் சுற்றின் கலன் திறந்தது. அக்காவும் எக்ஸ்பிரசும் பட்டையை மேல்படிக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார்கள். முழுப் பச்சை. அக்கா கீழே வந்து கையொப்பமிட்டு, பேனாவை எக்ஸ்பிரசிடம் நீட்டினார். அவர் வாங்கவில்லை. ஒரு பொதியின் அடிப்புறத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

"ஈரமா இருக்குக்கா."

அக்கா தொட்டுப் பார்த்தார். "ஒரு மூலைதானே? ஆறினாக் காஞ்சிரும்."

"ஈரத்துணி வழியாக் கிருமி உள்ள போகும்னு நீங்கதான் சொல்லுவீங்க."

"பட்டை பச்சையா இருக்கேய்யா. மேல எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க."

"காத்திருக்கட்டும். நான் நிறுத்துறேன்."

கழுவும் பகுதியில் தண்ணீர்க் குழாய் மூடப்பட்டது. அண்ணியும் நாத்தனாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்கா ஒரு நொடி எக்ஸ்பிரசை உறுத்துப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். தம் கையொப்பத்தின் மேல் நேராக ஒரு கோடு இழுத்து, காரணம் என்ற கட்டத்தில் 'ஈரம். எக்ஸ்பிரஸ் நிறுத்தினார்' என்று எழுதினார். மேலே தொலைபேசியில், "கூட்டம் ஒரு மணி நேரம் தள்ளி. காரணம் கேட்டா, என்னை நிறுத்திட்டாங்கன்னு சொல்லுங்க," என்றார். அதைக் கேட்டுக் கணவர் எழுந்து கைதட்டினாராம்.

பொதியைப் பிரித்து, உலர்ந்த துணியில் மீண்டும் கட்டி, எல்லாத் தட்டுகளையும் மறுபடியும் கலனில் வைத்தார்கள். இம்முறை துணி உலர்ந்திருந்தது, பட்டை பச்சை. எக்ஸ்பிரஸ் முதலில் கையொப்பமிட்டார், தம் வழக்கப்படி அரை நிமிடம் எடுத்துக்கொண்டு. அதன் கீழே, இரண்டாம் கையொப்பத்தின் இடத்தில், நீராவி அக்கா தம் கையொப்பத்தை இட்டார்: 2009 மே 29, பிற்பகல் 3.50.